கோளாறு காதிலா, ட்வீட்டரிலா?

அப்பாவுக்கு வலது காது மந்தமாயிடுச்சுன்னு எங்க வீட்ல முடிவு கட்டி ஒரு வருஷம் ஆகுது. ஹால் ஸ்பீக்கர்ல பாட்டு கேட்டா வலது பக்கம் ஜாலரா சத்தமே இல்லைங்கறார். வயசு 66. "காதை டெஸ்ட் பண்ணுங்க"ன்னு அம்மா. "என் காதுக்கு ஒண்ணுமில்லை"ன்னு அவர். ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல உட்கார்ந்து பாட்டு கேட்பது வீட்டில் அவர் ஒருத்தர்தான், சாட்சிக்கு வேற ஆளில்லை.

போன மாசம் ஊருக்குப் போனபோது நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி அவரை உட்கார வைத்தேன். கோளாறு காதில் என்றால் மந்தம் வலது காதிலேயே இருக்கணும். ஸ்பீக்கரில் என்றால் இடது காதுக்கு மாறணும். மாறிடுச்சு! அப்போ அப்பா அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கே :-)

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு இடது, வலது ஒயர்களை மாற்றிச் சொருகினேன். மந்தம் அதே பெட்டியில்தான். சித்தப்பா 1984-ல் துபாயிலிருந்து தூக்கி வந்த ஜோடி அது. வூஃபர் ஜோரா பாடுது. ட்வீட்டர் கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி முனகுது.

ரிப்பேர் கடையில் "பீஸோ ட்வீட்டர் போட்டுடலாம் சார்" என்றார்கள். கல்யாண மண்டபத்துக்கு அது சரி. செத்த ட்வீட்டர் வேற, முனகற ட்வீட்டர் வேற. வாய்ஸ் காயில் அறுந்திருந்தா சத்தமே வராது. ஒயரைக் கழட்டி மல்டிமீட்டர் வைத்தேன் (கழட்டாம வெச்சா கிராஸ்ஓவர்ல இருக்கற காயிலையும் சேர்த்து அளந்து ஏமாத்தும்). 6.1 ஓம். 8 ஓம் ட்வீட்டருக்கு இது சரியான அளவு. அடுத்த சந்தேகம் கிராஸ்ஓவர் கெப்பாசிட்டர் மேல. இடது பெட்டி ட்வீட்டரை வலது பெட்டியில் மாட்டினேன், பளிச்சுன்னு பாடிச்சு. கெப்பாசிட்டரும் குற்றவாளி இல்லை.

மிச்சம் ஃபெர்ரோஃப்ளூயிட். காந்தத்துக்கு இழுபடும் எண்ணெய். எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்க நாசாவில் ஸ்டீவ் பேப்பெல் 1963-ல் உண்டாக்கிய சமாச்சாரம். ட்வீட்டரில் காயிலைச் சுற்றிக் காந்த இடுக்கில் நின்று சூட்டைக் கடத்தும், அதிர்வையும் அடக்கும். வருஷக்கணக்கில் காய்ந்து கோந்தாகிவிட்டால் காயில் அசைய முடியாது. மல்டிமீட்டருக்கு இது தெரியவே தெரியாது.

இரும்பு ஸ்க்ரூடிரைவரைக் காந்தம் வெடுக்குன்னு இழுத்து டோமைக் கிழிச்சுடும். அதனால் அதைத் தள்ளிப் பிடித்து ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, மீதியைக் கையால் கழட்டினேன். டோமை நேரா மேலே தூக்கணும், முடி மாதிரி ரெண்டு ஒயர் அதில் தொங்குது. விசிட்டிங் கார்டை மெல்லிசா வெட்டி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்து இடுக்கில் விட்டால், தார் மாதிரி வந்தது. பத்துப் பன்னிரண்டு கார்டு காலி. ஆன்லைனில் வாங்கிய புது எண்ணெய் சில சொட்டு விட்டேன். இடது பக்கத்துக்கும் அதே வைத்தியம், இல்லேன்னா ரெண்டும் ரெண்டு விதமா பாடும்.

அப்பாவுக்கு ஜாலரா கேட்டது. அதே ஜோரில், ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு பார்க்க லேப்டாப்பிலிருந்து ஒவ்வொரு டோனா ஓட்டினேன். 4,000 ஹெர்ட்ஸ் கேட்டது. 8,000 லேசா. 12,000 எனக்கு ரெண்டு பெட்டியிலும் கீச்சுன்னு கேட்குது. அப்பா, "எப்படா போடப்போற?"ன்னார்.

அம்மா ஒண்ணும் சொல்லலை. வியாழக்கிழமைக்கு டாக்டர்கிட்ட அப்பாயிண்ட்மென்ட் வாங்கியிருக்கு.