நெய்தலார் கண்ட குறிஞ்சி

எம் கல்லூரியின் விழா மலருக்கு ஏதேனும் எழுதுக எனப் பணித்தனர். மலரில் மலர்களைப் பற்றியே எழுதலாம் எனத் துணிந்தோம்.

புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் வாழும் நாம் நெய்தல் நிலத்தார். உப்பளமும் களப்பும் தாழையும் அடம்பன் கொடியும் எமக்குப் பிறந்த நாள் முதற் பழக்கம். வகுப்பிலோ குறிஞ்சித் திணையையும் கற்பித்தாக வேண்டும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கினார் என்று சொல்லும்போதெல்லாம், "ஐயா, குறிஞ்சிப்பூ எப்படி இருக்கும்?" என ஒருவனாவது எழுந்து வினவுவான். கரும்பலகையில் எழுதிக் காட்டக்கூடிய விடையன்று அது.

2013ஆம் ஆண்டில் ஹோட்டன் சமவெளியிலே நெலு பூத்திருக்கிறது என்ற செய்தி எட்டியது. சிங்களத்தில் நெலு எனப்படும் செடிகள் குறிஞ்சியின் இனமே. நீலகிரியையும் மூணாற்றையும் நீலமாக்கும் குறிஞ்சி வேறு. எம் நாட்டு மலைகளில் உள்ளவை அதன் உடன்பிறப்புகள். அவற்றுட் பல இத்தீவுக்கே உரியவை. பன்னீராண்டு காத்திருந்து, ஒருங்கே பூத்து, விதை சிந்தி மடியும் இயல்பின இவை. இவ்வாண்டைத் தவறவிட்டால் எம் அன்னையார் அடுத்த பூப்பைக் காண்பாரோ என்ற எண்ணமே எம்மைப் புறப்படச் செய்தது. அன்னையாரும் எம் இல்லாளும் மக்கள் இருவரும் உடன்வந்தனர்.

சமவெளி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் உள்ளது. மகா எலிய என்னும் பழம்பெயர் இருக்க, 1831 முதல் 1837 வரை ஆண்ட தேசாதிபதி ஹோட்டனின் பெயரே நிலைத்துவிட்டது. எமக்குப் பழம்பெயரே இனிக்கிறது. 1988இல் இது தேசியப் பூங்காவாயிற்று. வாயிலிலே பொலித்தீனை அகற்றிவிடுகின்றனர். அன்னையாரின் வெற்றிலைப் பொட்டலமும் தப்பவில்லை. உறையைக் கொடுத்துவிட்டு, வெற்றிலையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

சுற்றிவரும் நடைபாதை 9 கிலோமீற்றர் அளவினது. பெரும்பகுதி சமதரையாதலின் சிறுவர்க்கும் எளிது. விடியற் பனியில் நனைந்த பத்தனைப் புல்வெளி இருமருங்கும் விரிய, தொலைவில் மரைகள் மேய்ந்தன. ஓடைக்கரையிற் குட்டை மூங்கில். மேட்டிலே நீலகிரியார் காட்டுப்பூவரசு என வழங்கும் மரம். 1960களில் இப்புல்வெளியின் ஒரு பகுதியில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள் என்பதை இன்று நம்புதல் அரிது. ஐரோப்பியர் கொணர்ந்த முட்செடியொன்று மஞ்சட்பூக் காட்டிப் புல்லை விழுங்கி வருகிறது. அழகிய பூத்தான், எனினும் வேரோடு களையத்தக்கது.

நெலுவைப் புல்வெளியில் தேடிப் பயனில்லை. காட்டின் விளிம்பிலே, பாசி படர்ந்த குறுமரங்களின் நிழலில் அது நின்றது. வெளிறிய ஊதாப் பூக்கள் கொத்துக் கொத்தாக, காடே இரைந்தாற்போன்ற வண்டொலியோடு! மகள் நெடுநேரம் பார்த்திருந்து, "அப்பா, இதுதானா புத்தகத்துக் குறிஞ்சி?" என்றாள். "அதன் தங்கை" என்றோம். பறித்தல் ஆகாது என்பதால் தங்கையை எட்ட நின்றே வணங்கினாள்.

உலக முடிவு எனப்படும் செங்குத்தை அடைந்தோம். 800 மீற்றருக்கு மேற்பட்ட வீழ்வு. வானம் தெளிந்திருந்தால் தெற்கே கடல் தோன்றும் என்பர். அன்னையார் கையாற் கண்ணை மறைத்து நெடிது நோக்கினார். அதற்குள் மூடுபனி ஏறி யாவற்றையும் விழுங்கிற்று. "தம்பி, கடல் இருந்தாற் காற்றிலே உப்பு இருக்கும். இங்கே இல்லை" என்றார். இத்தனை உயரத்தில் நின்றும் அவர் தேடியது எம் கடலையே! ஆயினும் மீளும்போது நெலு நின்ற இடத்தில் நடை தளர்ந்தார். "இதெல்லாம் பூத்ததும் செத்துப் போகுமா?" என்று கேட்டார். விதை விழும், காட்டுக்கோழிகள் அதைத் தின்னக் கூடிவரும், எஞ்சியவை முளைக்கும் என்று விளக்கினோம். "கோழிக்கும் போக மிஞ்சுகிறதே" என்று சொல்லி நடந்தார்.

இப்போது வகுப்பில் அவ்வினா எழுந்தால், அப்பாதையில் எடுத்த ஒளிப்படத்தை மேசைமீது வைத்துவிடுகின்றோம். பின்னர் அடம்பன் பூவொன்றைக் கடற்கரையிலிருந்து கொண்டுவருமாறு பணிக்கின்றோம்.

செல்ல விரும்பும் பழைய மாணவர்க்கு ஒன்று: மூடுபனி முற்பகலிலேயே வந்துவிடும்; ஆதலின் விடியுமுன் வாயிலை அடைக. முதியோரை அழைத்துச் செல்வோர், பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்கும் சரிவிலே மட்டும் கைகொடுத்தல் வேண்டும்.