மூன்று எண்ணும் வரை பொறுங்கள்!

பெண் பார்க்க வருகிற கூட்டத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "பாடத் தெரியுமா?" என்பார் ஒருவர். அதற்குப் பதில் வருமுன், "எதுவரை படித்திருக்கிறாள்?" என்பார் இன்னொருவர். பெண் பாவம், எதற்கென்று பதில் சொல்வாள்? தலையைக் குனிந்துகொள்வாள். சொஜ்ஜி, பஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு, "பெண்ணுக்குப் பேச்சு சாமர்த்தியம் போதாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள்.

அந்த அநியாயத்தை நானே ஒரு நாள் செய்தேன் என்றால் நம்புவீர்களா?

2020-ஆம் வருஷம் கொரோனா ஊரடங்கின்போது, உத்தியோகப் பேட்டிகள் கம்ப்யூட்டர் திரைக்கு வந்தன. எங்கள் ஆபீஸில் அந்த வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு நாள் கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்க மூன்று பேர் உட்கார்ந்தோம். மானேஜர் ஆபீஸில், இன்னொருவர் அவர் வீட்டில், நான் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். எதிரே, தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்.

யார் எதைக் கேட்பது என்று நாங்கள் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் கேள்வி முடியுமுன் அடுத்தவர் நுழைந்தார். போதாக்குறைக்கு என் வீட்டுக் குக்கர் மூன்று விசில் கொடுத்தது! "இன்னொரு தடவை கேக்கீங்களா, மேடம்?" என்று அந்தப் பெண் இரண்டு முறை கேட்டாள். பேட்டி முடிந்ததும், "தயக்கம் அதிகம்" என்று என் கையாலேயே எழுதினேன்.

இரவு, மதிப்பெண் போடுவதற்காகப் பதிவை மறுபடி ஓடவிட்டேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் பதிலை ஆரம்பித்திருக்கிறாள். குறுக்கே விழுந்தவர்கள் நாங்கள்தான்!

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாக 0.2 விநாடிதான் இடைவெளி என்கிறது. திரையில் குரல் வந்து சேரவே தாமதம் ஆகிறது. அந்தத் தாமதத்தை நாம் இணைப்பின் குற்றமாக நினைப்பதில்லை. எதிரே இருப்பவர் கவனமற்றவர் என்று நினைத்துவிடுகிறோம். இதை ஜெர்மனியில் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அவளை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். இரண்டாம் பேட்டியை ஒழுங்காக நடத்தினோம். நாங்கள் மூவரும் கால்மணி முன்பே கூடி, கேள்விகளைப் பங்கு போட்டுக்கொண்டோம். அதுவரை அவள் திரைக்குப் பின்னால் காத்திருப்பு அறையில் இருந்தாள். உள்ளே வந்ததும், யார் யார், எந்த வரிசையில் கேட்போம் என்று மானேஜர் சொன்னார். "இணைப்பு அறுந்தால் போனில் கூப்பிடுகிறோம், அம்மா. அதற்காக மார்க் குறையாது" என்றும் தைரியம் சொன்னார். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் மைக்கை அணைத்தோம். அவள் பதிலை முடித்தபின், மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டே அடுத்த கேள்வி. முடிந்ததும் கலந்து பேசுமுன் அவரவர் தனித்தனியே மதிப்பெண் எழுதினோம். (இலவச ஜூம் இணைப்பு என்றால் 40 நிமிஷத்தில் முடிந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குக்கரை முன்பே இறக்கிவிடுங்கள்!)

நான் எழுதிய "தயக்கம்" அன்று எங்கே போயிற்றோ தெரியவில்லை. இன்று எங்கள் கணக்கில் ஒரு பைசா பிசகினாலும் கண்டுபிடிப்பவள் அவள்தான்.

கதை சுபமாக முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அவளுக்கு முந்தின மாதம், வேறொரு வேலைக்கு வந்த பையனுக்கும் அதே இரண்டு வார்த்தைகளை எழுதியிருந்தேன். அந்தப் பதிவை நான் திருப்பிக் கேட்கவில்லை. அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்தும் ஆகிவிட்டது.

இப்போது ஒவ்வொரு பேட்டியிலும் மூன்று எண்ணும்போது, அந்தப் பையன் முகம்தான் எனக்கு நினைவு வருகிறது.