இருபத்து மூன்றாம் தளம்



இலக்கணம், கட்டுரை, பாடத்திட்டம் என்று எழுதிவரும் நான் இன்று ஒரு கைப்பேசி விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன். தாய் என்ற முறையில் நான் செய்த ஒரு தவற்றை ஒப்புக்கொள்வதும் இப்பதிவின் நோக்கம். பொறுமையுடன் இறுதிவரை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2024-ஆம் ஆண்டின் தொடக்கம் அது. பள்ளி ஆண்டிறுதித் தேர்வுக்கு இரண்டு வாரங்களே எஞ்சியிருந்தன. என் மகன் அப்போது ஐந்தாம் ஆண்டு மாணவன். இரவு மணி பத்தரை இருக்கும். உறங்கிவிட்டான் என்று நினைத்து அறையைக் கடந்தபோது, போர்வைக்குள்ளிருந்து வெளிச்சம் தெரிந்தது. போர்வையை விலக்கினேன். கையில் என் பழைய கைப்பேசி. திரையில் கட்டம் கட்டமாய் ஏதோ ஓர் இருட்டுக் குகை.

நாள் முழுவதும் சிப்பங்களைத் திருத்திய களைப்பு. மகனின் கணிதப் புள்ளி தந்த கவலை. எல்லாம் ஒருசேரச் சினமாய் மாறின. கைப்பேசியைப் பிடுங்கி, அவன் கண்ணெதிரிலேயே அந்த விளையாட்டை அழித்துவிட்டேன்.

அவன் அழவில்லை. சற்று நேரம் வெற்றுத் திரையைப் பார்த்தான்.

"இருபத்து மூணாவது மாடியில இருந்தேன்மா" என்றான்.

"அதனால் என்ன?" என்றேன்.

"ஒன்னுமில்ல. போனா போனதுதான். எப்படியும் அங்கேயே செத்திருப்பேன்."

போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தான். தேர்வு நெருங்கும் நேரத்தில் கண்டிப்புடன் நடந்துகொண்ட நல்ல தாய் என்று அன்றிரவு என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து அவனுடைய கணிதப் பயிற்றேட்டைப் புரட்டியபோது, பின்பக்கங்களில் ஒரு நீண்ட பட்டியலைக் கண்டேன். முதலில் எண், அதன்பின் ஒரு சொல், பிறகு ஒரு வாக்கியம் என வரிசையாக எழுதியிருந்தான்.

"3 – நண்டு. ஓடினேன். நண்டு என்னைவிட வேகம். ஓடக்கூடாது."

"5 – பெரிய கூழ். அது உப்பும்போது பின்னால் போகவேண்டும். போகவில்லை."

"8 – பசி. எல்லா அறையையும் பார்க்க ஆசைப்பட்டேன்."

இப்படி 41 வரிகள். ஒவ்வொன்றும் ஒரு தோல்வி. ஒவ்வொன்றிலும் அதற்கான காரணம். எண்பது சொல்லில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் அமர்ந்திருக்கும் பிள்ளை, யாரும் கேட்காமலே எழுதிய வரிகள் அவை. நாற்பத்தொன்றாவது வரிக்குப் பின் ஒன்றும் இல்லை. அடுத்த வரியாக வந்திருக்க வேண்டிய ஆட்டத்தைத்தான் நான் அழித்திருந்தேன்.

அன்றிரவு அவன் உறங்கியபின், அந்த விளையாட்டை என் கைப்பேசியில் பதிவிறக்கம் செய்தேன்.

ஓர் எளிய விளையாட்டின் கதை

அதன் பெயர் 'ஷாட்டர்டு பிக்சல் டன்ஜியன்'. நிலவறை ஒன்றினுள் இறங்கிச் செல்லும் வீரனாகப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டம். இதன் மூலம், ஓலெக் டோல்யா என்பவர் 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட 'பிக்சல் டன்ஜியன்'. பின்னர் அவர் தம் நிரலின் மூலத்தை எவரும் எடுத்தாளும் வண்ணம் திறந்துவிட்டார். எவன் டெபன்ஹம் என்பவர் அதைக்கொண்டு 2014-இல் தொடங்கிய ஆக்கத்தை இன்றளவும் வளர்த்து வருகிறார். பெரிய நிறுவனம் இல்லை; கண்ணைப் பறிக்கும் காட்சிகளும் இல்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இலவசமாகவே கிடைக்கிறது. இடையிடையே விளம்பரங்களும் குறுக்கிடுவதில்லை.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. சாக்கடை, சிறைச்சாலை, குகை, குள்ளர்களின் நகரம், அரக்கர் கூடம் என ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஐந்து தளங்கள். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் ஒரு பெரும்பகை காத்திருக்கும். அனைத்தையும் கடந்தால் 26-ஆம் தளத்தில் ஒரு தாயத்து. வீரன் இறந்தால் ஆட்டம் முடிந்தது. விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. முதல் தளத்தில் புதிய வீரனாகத் தொடங்கவேண்டும். 'போனா போனதுதான்' என்று என் மகன் சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதைவிட முக்கியமான ஒன்றுண்டு. ஒவ்வொரு முறையும் நிலவறை புதிதாய்ப் பிறக்கிறது. அறைகள் இடம் மாறுகின்றன. சென்ற முறை உயிர்காத்த சிவப்பு மருந்து இம்முறை நஞ்சாக இருக்கலாம். ஓலைச்சுருளின் குறியீடுகளும் அவ்வாறே மாறிவிடும். குடித்தும் படித்தும்தான் எது எதுவென்று அறியவேண்டும்.

இந்த எண்ணம் புதிதன்று. மைக்கேல் டோய், கிளென் விச்மன் என்னும் இரு கல்லூரி மாணவர்கள் 1980-ஆம் ஆண்டளவில் 'ரோக்' என்ற ஆட்டத்தை உருவாக்கினர். பின்னர் கென் அர்னால்டு என்பவரும் இணைந்துகொண்டார். அதில் படங்களே கிடையாது; வீரன் ஓர் '@' குறி, பகைவர்கள் ஆங்கிலத்தின் 26 பேரெழுத்துகள். அந்நாளைய சாகச விளையாட்டுகளை ஒருமுறை முடித்துவிட்டால் மறுமுறை ஆட ஒன்றுமிருக்காது. உருவாக்கியவர்களுக்கே வியப்பளிக்கும் ஆட்டமாக இருக்கவேண்டுமென்றே நிலவறையைக் கணினி தற்போக்கில் அமைக்கும்படி செய்தனர். அந்த ஆட்டத்திலும் 26-ஆம் தளம். அதிலும் அதே பெயர் கொண்ட தாயத்து. ஏறத்தாழ 45 ஆண்டுகள் கடந்தும் அம்மரபு தொடர்கிறது.

மனனமும் அறிவும்

முதல் இரவில் நான் ஒன்பது முறை இறந்தேன். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் தளங்களில். நண்டிடமிருந்து ஓடி மாண்டபோது, மகனின் ஏட்டில் அந்த வரியைப் படித்திருந்தும் ஓடினேனே என்று சிரிப்பு வந்தது.

ஒரு வாரம் ஆனதும் ஒன்றை உணர்ந்தேன். வீரன் ஒவ்வொரு முறையும் வெறுங்கையுடன் பிறக்கிறான். ஆடுபவர் அவ்வாறு தொடங்குவதில்லை. பலர் சூழும்போது வாசற்படியில் நின்றால் ஒருவர் ஒருவராகத்தான் வருவர் என்பது இப்போது எனக்குத் தெரியும். ஐந்து தளங்களுக்கு மூன்று என்ற கணக்கில்தான் மேம்பாட்டுச் சுருள்கள் கிடைக்கும்; ஆகவே கண்டபடி செலவழிக்கலாகாது என்பதும் தெரியும்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. சில தளங்களில் மரத்தடுப்பால் அடைக்கப்பட்ட அறை ஒன்றிருக்கும். அதை எரித்துத்தான் நுழையவேண்டும். அப்படி ஓர் அறை இருந்தால், அதே தளத்தில் எங்கோ தீ மருந்தும் வைக்கப்பட்டிருக்கும் என்பது ஆட்டத்தின் விதி. எனவே அத்தளத்தில் பெயர் தெரியாத மருந்து கிடைத்தால், அது தீ மருந்தாக இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். எங்கும் எழுதப்படாத செய்தியை, கிடைத்த குறிப்புகளைக்கொண்டு உய்த்துணர்தல்! கருத்துணர்தல் பகுதியில் நம் மாணவர்கள் பலர் புள்ளிகளை இழப்பது இந்த இடத்தில்தானே?

மீண்டும் மீண்டும் ஆடத்தக்க தன்மை என்பது இதுதான் என்று எண்ணுகிறேன். வழி மாறாத ஆட்டத்தை மனனம் செய்து வென்றுவிடலாம். வென்றபின் அதில் ஒன்றுமில்லை. வழி மாறிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தில் மனனம் உதவாது. விதிகளைப் புரிந்துகொண்டவரே முன்னேறுவார். ஆறு வகை வீரர்கள் இருப்பதால், ஒருவரைக்கொண்டு கற்றதை மற்றொருவரைக்கொண்டு மீண்டும் சோதிக்கவும் வேண்டியிருக்கிறது.

இவ்வாறு எண்ணியபோது என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. சற்றே வெட்கமாகவும் இருந்தது. 'நான் ஒரு மிதிவண்டி' என்னும் தன்கதையை மாதிரிக் கட்டுரையாகக் கொடுத்து மனனம் செய்யச் சொல்பவள் நான். தேர்வில் 'நான் ஒரு குடை' என்று வந்தால், மிதிவண்டியின் சக்கரங்களைக் குடைக்குப் பொருத்தி எழுதிய பிள்ளைகளும் உண்டு. வழி மாறாத நிலவறையைக் காட்டிவிட்டு, மாறிய நிலவறைக்குள் அவர்களை இறக்கிவிட்டிருக்கிறேன்.

வகுப்பில் ஒரு முயற்சி

அடுத்த பள்ளி ஆண்டில் ஒரு சிறு மாற்றம் செய்தேன். மாதிரிக் கட்டுரையைக் கொடுக்கவில்லை. மூன்று பெட்டிகள் வைத்தேன். முதலாவதில் பொருள்கள், இரண்டாவதில் இடங்கள், மூன்றாவதில் இடர்கள். மாணவர் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டு எடுத்துத் தன்கதை எழுதவேண்டும். இரண்டு பத்தி எழுதினால் போதும், புள்ளி கிடையாது. மாறாக, 'எந்த இடத்தில் கதை நின்றுபோனது, ஏன்?' என்று இறுதியில் ஒரு வரி எழுதவேண்டும். அடுத்த வாரம் புதிய சீட்டுகள்.

எழுதியதைத் திருத்தச் சொன்னாலே தாளைக் கிழித்துவிடும் ஒரு மாணவன் வகுப்பில் இருந்தான். சிவப்பு மையைக் கண்டால் அவன் முகம் மாறிவிடும். முதல் இரு வாரங்கள் அவன் எதுவும் எழுதவில்லை. மூன்றாம் வாரம் ஆறு வரி எழுதி, அடியில், "கத்தரிக்கோல் ஆற்றில் விழுந்தது. அது எப்படி மேலே வரும் என்று தெரியவில்லை டீச்சர்" என்று குறித்திருந்தான். தாளைக் கிழிக்கவில்லை. அவன் சிறந்த கட்டுரையாளன் ஆகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். ஆண்டு முடியும்வரை எழுத்துப்பிழை குறையவில்லை. ஆனால் பதினான்கு தாள்கள் அவன் கோப்பில் இருந்தன. எனக்கு அது போதுமானதாயிருந்தது.

ஓர் எச்சரிக்கை

பெற்றோர்களே, பிள்ளைகளுக்குக் கைப்பேசியைத் தாராளமாகக் கொடுங்கள் என்று நான் கூறவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாய்ப் பிறக்கும் ஆட்டத்திற்கு முடிவே இல்லை. 'இன்னும் ஒரே ஒருமுறை' என்று நானே நள்ளிரவு ஒரு மணிவரை ஆடியிருக்கிறேன். மறுநாள் திருத்தாத ஏடுகளுடன் வகுப்பறைக்குள் நுழைந்து, மாணவர்களிடம் சாக்குச் சொன்னதும் உண்டு. போர்வைக்குள் விழித்திருந்த பிள்ளையைத் தடுத்தது சரியே. தேர்வுக்கு முன் உறக்கம் வேண்டும். நான் தவறியது தடுத்த முறையில்தான். அவன் எங்கே நிற்கிறான் என்று கேட்காமலே அழித்தேன். அவன் பன்னிரண்டு நாள் சிறுகச் சிறுகக் கட்டியது அந்த ஓர் ஆட்டம் என்று பிறகுதான் அறிந்தேன்.

தேர்வு முடிந்த அன்று மாலை, அவனுக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, "அன்றைக்கு அம்மா செய்தது தப்பு. கேட்டிருக்க வேண்டும்" என்றேன். அவன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீங்க எத்தனாவது மாடிம்மா?" என்று கேட்டான். நான் இரவில் ஆடுவது அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

"நாலு" என்றேன்.

"நண்டா?"

"நண்டுதான்."

அவ்வாண்டின் இறுதியில் அவன் தாயத்தை எடுத்துவிட்டான். ஏட்டில் அது 78-ஆவது வரி. அந்த ஆட்டத்தில் ஒன்பது எழுத்துகளைக் கொடுத்தால், அவ்வெழுத்துகளுக்குரிய அதே நிலவறை மீண்டும் பிறக்கும் ஏற்பாடு ஒன்றுண்டு. அதை 'விதை' என்கிறார்கள். பள்ளி விடுமுறையில் நாங்கள் இருவரும் ஒரே விதையைப் போட்டு, அவன் கைப்பேசியில் ஆளுக்கு ஓர் ஆட்டமாக மாறிமாறி ஆடினோம். அதே அறைகள், அதே பொருள்கள். நான் ஆறாம் தளத்தில் மாண்டேன். அவன் பதினெட்டாம் தளம்வரை போனான்.

என் ஆட்டம் முடிந்ததும் ஏட்டை என்னிடம் நீட்டினான். "நீங்களே எழுதுங்க. ஏன் செத்தீங்கன்னு எழுதணும்."

எழுதினேன். எழுத்தில் ஒரு சந்திப்பிழை இருந்ததாம். அதையும் திருத்திக் கொடுத்தான்.

ஆகவே நண்பர்களே, பிள்ளையின் கையிலிருந்து கைப்பேசியை வாங்க வேண்டிய நாள் நம் எல்லார் வீட்டிலும் வரும். வாங்குங்கள். வாங்குவதற்கு முன், எத்தனையாவது தளத்தில் நிற்கிறாய் என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.