தூசி போகும் பக்கம்

விக்கன்பர்க்கைத் தாண்டி வடக்கே போனால் அரிசோனாப் பாலைவனத்தில் ஆறு உண்டு, தண்ணீர் இல்லை. வரைபடத்தில் நீலக் கோடாக ஓடுவதெல்லாம் தரையில் மணலாகக் கிடக்கிறது. ஆண்டில் சில நாள் மழை பிய்த்துக்கொண்டு கொட்டும்போது மட்டும் வெள்ளம் வரும், சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அப்படி எத்தனையோ ஆயிரம் ஆண்டு வந்துபோன வெள்ளங்கள்தாம் ரிச் ஹில் குன்றின் தங்கத்தை உருட்டிக்கொண்டு வந்து அடிவார ஓடைகளில் போட்டிருக்கின்றன. 1863-இல் பாலின் வீவர் வழிகாட்ட, ஏபிரகாம் பீப்பிள்ஸ் என்பவரின் குழு இங்கே வந்தது. குன்றின் உச்சியில் தங்கக் கட்டிகளைக் கத்தியால் நோண்டி எடுத்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். உச்சியில் கிடந்ததைப் பொறுக்கக் கத்தி போதும். ஓடை மணலில் கலந்து கிடப்பதைப் பிரிக்க அலச வேண்டும், அலசத் தண்ணீர் வேண்டும்.

அது இல்லாத ஊரில் மக்கள் காற்றைப் பிடித்தார்கள். மெக்சிகோவின் சொனோரா பகுதியிலிருந்து வந்த சுரங்கக்காரர்கள் மரவையில் மண்ணை அள்ளி மேலே வீசிப் பிடிப்பார்கள். போர்வையில் போட்டு இரண்டு பேர் உதறுவார்கள். லேசானது பறக்கும், கனமானது திரும்பி விழும். என்னை அங்கே அழைத்துப் போனவர் என்னோடு பீனிக்ஸ் பக்கம் வேலை செய்யும் மதுரைக்கார நண்பர். இதை ஒரே வரியில் முடித்தார்: "நெல்லுத் தூத்துறதுதான் சார். பதருக்குப் பதிலா இங்க மண்ணு பறக்குது."

தாமஸ் ஆல்வா எடிசனும் இதில் கைவைத்திருக்கிறார். 1900-ஐ ஒட்டி, நியூ மெக்சிகோவின் ஓர்டீஸ் மலைப் பகுதியில் தண்ணீரே இல்லாமல் தங்கம் பிரிக்கும் ஆலை ஒன்றை நிறுவிப் பார்த்தார். கட்டுபடியாகவில்லை, மூடிவிட்டார். எடிசன் விட்ட இடத்தில் பிளாஸ்டிக் வாளியோடு உட்கார்ந்திருக்கிற ஒருவரைத்தான் நான் பார்க்கப் போனேன்.

அவர் விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கூட அவருடைய தங்கை. பள்ளிப் பேருந்து ஓட்டியவர். குளிர்காலம் தொடங்கியதும் இருவரும் பழைய வேன் ஒன்றில் வந்து இறங்கிவிடுகிறார்கள். கோடையில் இங்கே பாறையைத் தொட முடியாது. அண்ணன் முன்பு கலிபோர்னியாவில் ஆற்றுக்குள் மிதவை இயந்திரம் வைத்து, தண்ணீரோடு மணலை உறிஞ்சித் தங்கம் தேடியவர். 2009-இல் அந்த மாநிலம் அப்படி உறிஞ்சுவதைத் தடை செய்தது. மீன் குஞ்சுகளும் ஆற்றின் அடியில் கிடக்கும் பழைய பாதரசமும் காரணம். அவர் இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆற்றை விட்டு வறண்ட பாறைக்கு வந்துவிட்டார், உறிஞ்சுவதை மட்டும் விடவில்லை.

இயந்திரத்தைப் பார்த்தால் யாரும் தங்கத்தோடு முடிச்சுப் போட மாட்டார்கள். தோட்டத்தில் இலை ஊதும் சின்னப் பெட்ரோல் இயந்திரம் ஒன்று. அதற்கு ஊதும் வாய் ஒருபக்கம், உறிஞ்சும் வாய் மறுபக்கம். உறிஞ்சும் வாயை, கட்டிடச் சாமான் கடையில் விற்கும் 5 கேலன் வாளியின் மூடியில் பொருத்தியிருக்கிறார். வாளியின் தோளில் இன்னொரு துளை. அதில் 2 அங்குல ஹோஸ். அதன் மறுமுனைதான் பாறை இடுக்குக்குள் போவது. இயந்திரம் வாளியிலிருந்து காற்றை இழுக்கிறது, வாளி ஹோஸ் வழியாக இழுக்கிறது, மண்ணும் கல்லும் வாளிக்குள் வந்து விழுகின்றன. இயந்திரத்தின் விசிறிக்குள் ஒரு கூழாங்கல்கூடப் போகக் கூடாது, போனால் இறகு உடைந்துவிடும். அதனால்தான் நடுவில் வாளி.

வேலைப்பாடெல்லாம் அந்த வாளிக்குள் இருக்கிறது. ஹோஸ் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பிவிசி எல்போவை வைத்து, வாயைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பியிருக்கிறார். வருகிற காற்று நேராக நடுவில் பாயாமல் சுவரை ஒட்டிச் சுழல்கிறது. சுழற்சியில் கனமானவை சுவரில் உரசி வேகமிழந்து கீழே இறங்குகின்றன. காற்று நடுவழியாக மேலேறி மூடிக்குப் போகிறது. 5 சென்டிமீட்டர் குழாயில் வந்த காற்று 29 சென்டிமீட்டர் அகலமுள்ள வாளியில் மேலேறும்போது, சராசரி வேகம் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காகிவிடும். குழாயில் கல்லைத் தூக்கி வந்த காற்றால் வாளிக்குள் மணலைக்கூடத் தாங்க முடியாது. ஆற்றுத் தங்கம் வளைவின் உட்பக்கத்தில் தேங்குவதும் இதே காரணத்தால்தான்: சுமக்கிறவன் எங்கே தளர்கிறானோ அங்கே சுமை இறங்கும். அரிசோனாவில் சுமக்கிறவன் காற்று, அவ்வளவுதான்.

இந்த வடிவத்துக்கு வர அவர் பல வாளிகளைக் கெடுத்திருக்கிறார். முனையில் கல் அடைத்ததும் மெலிந்த வாளி உள்வாங்கி மூடி நழுவிவிடும். இப்போது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வாளியைச் செருகிக் கெட்டியாக்கியிருக்கிறார். ஹோஸும் மலிவான மடிப்புக் குழாய் அல்ல, உட்பக்கம் வழுவழுப்பானது. மடிப்பு இருந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் பொடித் தங்கம் உட்கார்ந்துகொள்ளும், கடைசியில் ஹோஸைக் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். மூடியின் விளிம்பில் கதவிடுக்கில் ஒட்டும் ரப்பர் பட்டை.

எனக்கு மிகவும் பிடித்தது முனை. பிவிசி குழாயை அடுப்பில் காட்டி இளக்கி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அமுக்கித் தட்டையாக்கியிருக்கிறார், இடுக்குக்குள் நுழைவதற்காக. அதோடு, முனையின் வாய் ஹோஸின் வாயைவிடச் சிறியது. முனைக்குள் நுழைய முடிந்த கல் எதுவும் ஹோஸில் சிக்காது. சிக்குவதாக இருந்தால் வாசலிலேயே சிக்கட்டும், விரலால் தட்டி விடலாம். ஆனால் வாயை ரொம்பவும் குறுக்கிவிடக் கூடாது. இலை ஊதும் இயந்திரம் நிறையக் காற்றை ஓடவிடும். இழுக்கும் பலம் அதற்குக் குறைவு. வீட்டைச் சுத்தம் செய்யும் வேக்குவம் கிளீனர் இதற்கு நேர் எதிர். இலை இயந்திரத்தின் வாயைப் பென்சில் பருமனுக்குக் குறுக்கினால் விசிறி வெறுமனே கத்தும், மண் நகராது.

ஓடைக்கரையில் ஓரிடத்தில் அடுக்குப் பாறை செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது, ஏடுகளை நட்டு வைத்ததுபோல. வெள்ளம் அதன்மேல் குறுக்கே போகும். ஒவ்வோர் ஏட்டின் இடுக்கும் ஒரு பொறி. முதலில் தங்கை, வேறோர் ஊதும் இயந்திரத்தால் இலை, சருகு, புழுதியை அடித்துத் தள்ளினார். பாறையின் கோடுகள் தெரிந்தன. அண்ணன் முழங்காலில் பட்டை கட்டி உட்கார்ந்து, நுனி வளைத்த ஸ்குரூ டிரைவரால் ஓர் இடுக்கைக் கிளறினார். இறுகிய மண் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது. கையை உள்ளே விடாமல் கம்பியையே விட்டுப் பார்த்தது பாம்புக்காக. கிலுகிலுப்பைப் பாம்பு குளிர்காலத்தில் இடுக்குக்குள்தான் தூங்கும். கிளறியது தளர்ந்ததும் முனையை வைத்தார். சரசரவென்று ஹோஸுக்குள் கல் ஓடுகிற சத்தம். இடுக்கின் அடியில் வேர்கள் பின்னிக் கிடந்தன. அதைத் தூக்கி எறியவில்லை, வாளிக்குள் உதறிவிட்டுத் தனியாக ஒரு பையில் போட்டுக்கொண்டார். வேருக்குள் தங்கம் சிக்கியிருக்குமாம்.

பிறகு ஏதோ ஒன்றைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். ஈய ரவை. யாரோ எப்போதோ காடை சுட்டது. அதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது எனக்கு விளங்கவில்லை. நண்பர்தான் சொன்னார்: ஈயம் வந்து தங்கியிருக்கிற இடுக்கு கனத்தைப் பிடிக்கிற இடுக்கு. ஈயத்தின் அடர்த்தி 11.3. தங்கம் 19.3. சாதாரணக் கூழாங்கல் 2.65-தான்.

வாளியில் சேர்ந்ததை உடனே அலசுவதில்லை. குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரைத் தொட முடியாதே. தங்கையின் ஆட்சி இங்கே ஆரம்பிக்கிறது. சரிந்து நிற்கும் ஒரு பெட்டி, மேலே சல்லடை, உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைத்த தட்டு. தட்டின் அடி பலகை அல்ல, துணி. துணிக்குக் கீழிருந்து காற்று விட்டு விட்டு அடிக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் மண் துள்ளுகிறது. லேசான மணல் சட்டத்தைத் தாண்டி வழிகிறது, கருமணலும் தங்கமும் சட்டத்தின் முதுகில் தங்குகின்றன. மண் கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் ஒட்டிக்கொண்டு ஒன்றும் பிரியாது. மழை பெய்தால் மண் காயும்வரை தொழில் இல்லை. துணி நெருக்கமாக இருந்தால் காற்று ஏறாது, இழை தளர்ந்திருந்தால் பொடித் தங்கம் கீழே கசிந்துவிடும். பழைய தலையணை உறை முதல் பேண்ட் துணி வரை தைத்துப் பார்த்து, கடைசியில் காடாத்துணி போன்ற ஒரு பருத்திக்கு வந்திருக்கிறார். அண்ணன் இயந்திரத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், பொடித் தங்கம் வீட்டுக்கு வருவதும் வராததும் இந்தத் துணியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். அதை அவர் முன்னால் சொல்லவில்லை.

தட்டில் மிஞ்சிய கைப்பிடிக் கருமணலை மாலையில் ஒரு பேசினில், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் அலசினார்கள். சோப்பு இல்லாவிட்டால் மெல்லிய செதில்கள் தண்ணீரின் மேலே மிதந்து வழிந்துவிடும். அன்றைய வரவு கால் கிராமுக்கும் குறைவு. பெட்ரோல் செலவுக்கே தாங்காது என்று தங்கை சிரித்தார். அரிசோனாவில் இதை நம்பி யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் யாருடைய உரிமைநிலம் எது என்று விசாரித்து, அனுமதி வாங்கி, வேனில் தூங்கி எழுந்து இவ்வளவும் செய்கிறார்கள்.

அன்று முழுக்க என் கண் வாளியைவிட இயந்திரத்தின் பின்பக்கத்தில்தான் இருந்தது. தங்கம் விழும், மணல் விழும், மாவாக இருக்கிற தூசி மட்டும் காற்றோடு சுழன்று மேலேறி, விசிறியைத் தாண்டி, வெளியே வந்துவிடும். இடுக்கில் குனிந்திருக்கிறவரின் காதுக்குப் பக்கத்திலேயே அது வெண்புகையாகப் பீறிட்டது. கார்புரேட்டருக்குத் தூசி போகாமல் அண்ணன் ஒரு நைலான் காலுறையை மாட்டியிருந்தார். அவர் மூக்குக்கோ வெறும் கைக்குட்டை.

என் அம்மாவழித் தாத்தா கோலார் தங்கவயலில் குவார்ட்ஸ் பாறையைத் துளைத்தவர். வட ஆற்காட்டிலிருந்து அங்கே போன ஆயிரக்கணக்கான தமிழர்களில் ஒருவர். அந்த வயல் 2001 பிப்ரவரி 28-இல் மூடியது. அவர் அதற்கு வெகு காலம் முன்பே படுத்துவிட்டார். சிலிக்காத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. வேலையை விட்ட பிறகும் நோய் ஏறிக்கொண்டே போகும். திண்ணையில் சாய முடியாமல் உட்கார்ந்தே தூங்கிய மனிதரைப் பார்த்து வளர்ந்ததால், யார் எதை இடித்தாலும் எனக்குத் தூசி எங்கே போகிறது என்றுதான் தோன்றும். அரிசோனா மண்ணில் கூடுதலாக இன்னொன்று: காக்ஸிடியாய்டிஸ் என்ற பூஞ்சை. அதன் வித்துகள் புழுதியோடு பறந்து மூச்சில் ஏறினால் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வரும். வாரக்கணக்கில் இருமலும் அசதியும். அமெரிக்காவில் இந்தக் காய்ச்சல் காண்கிறவர்களில் மிகப் பலர் இந்த மாநிலத்தவர்கள்தாம்.

தங்கைக்கு இது தெரியும். அவர் முகத்தில் இருபுறமும் இளஞ்சிவப்பு வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி. அவர் ஒரு வழியும் செய்து வைத்திருந்தார்: வெளியேறும் வாயில் நீளமான குழாய் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையைக் காற்று போகும் திசையில் தள்ளி வைத்து, நுனியில் நனைத்த சாக்கைக் கட்டுவது. நான் கேட்டேன் என்பதற்காக மாட்டிக் காட்டினார். புகை அடங்கிவிட்டது. கனமானது எதுவும் அந்த வழியே வெளியேறிவிடுகிறதா என்று பார்க்க, அண்ணன் ஈய ரவை பத்தைச் சுத்தியலால் தட்டையாக்கி மண்ணில் கலந்து உறிஞ்சினார். வாளியைக் கொட்டித் தேடியதில் பத்தும் இருந்தன.

"ஈயம் எப்போதும் வெளியே போகாது. அதல்ல பேச்சு" என்றார் அண்ணன். குழாயைக் கழற்றி ஒரு கோலிக்குண்டு அளவுக் கல்லை இழுத்துக் காட்டினார். மாட்டிவிட்டு இழுத்தார், கல் முனையிலேயே நடுங்கிக்கொண்டு நின்றது. வெளியேறும் வழியை இறுக்கினால் உறிஞ்சும் பக்கமும் செத்துவிடும் என்பதைச் சொல்லாமலே புரியவைத்தார். சாக்கும் இந்த வெயிலில் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும், மறுபடி நனைக்கத் தண்ணீர் யார் சுமப்பது?

நண்பர் குழாயின் வாயை விரலால் அளந்தார். இரண்டு அங்குலக் குழாயைப் போட்டதுதான் கோளாறு, நாலு அங்குலம் போட்டால் காற்றுக்குத் தடையே தெரியாது, துணி உலர்த்தும் இயந்திரத்தின் பின்னால் மாட்டுவார்களே அந்த மடிப்புக் குழாய் எடைகூட இல்லை, சாக்கு வேண்டாம், தூசியை ஆளைவிட்டு இருபது அடி தள்ளிவிட்டாலே பாதி வேலை முடிந்தது என்றார். அந்தத் தகரத்தாள் குழாயை இங்கே இருக்கிற சோய்யா கள்ளி ஒரே நாளில் கிழித்துவிடும் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தங்கை வேனிலிருந்து கடைச் சீட்டை எடுத்து வந்து, பெட்ரோலுக்கும் ரொட்டிக்கும் கீழே "நாலு அங்குலம், இருபத்தைந்து அடி" என்று எழுதினார். கிழிந்தால் ஒட்ட டேப்பும் சேர்த்துக்கொண்டார்.