களஞ்சியத்தில் மூன்று அறைகள்

நெய்ச்சோறு ஆக்குவதற்கு எங்கள் வீட்டுப் பெண்கள் புதிய அரிசியைத் தொடமாட்டார்கள். ஓராண்டேனும் மூட்டையில் கிடந்த அரிசிதான் வேண்டும் என்பார்கள். புதிய அரிசி குழையும்; பழைய அரிசி பூப்போல் உதிரும். அதே பெண்கள், மீன்காரர் கூடையை இறக்கியதும் செவுளைத் தூக்கிப் பார்த்து, நேற்றைய மீன் என்று தெரிந்தால் அவரை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். பழையது நல்லதா, புதியது நல்லதா என்று பொதுப்படக் கேட்டால் அவர்களிடம் விடை கிடைக்காது. ‘எதில்?’ என்றே திருப்பிக் கேட்பார்கள்.

இந்த எளிய எதிர்க்கேள்வியைக் கேட்க மறந்ததால் வளர்ந்த வழக்குகள் உலகில் பல. கணினித் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு வழக்கும் அவற்றுள் ஒன்று. கொல்லிமலையின் தேவனூர் நாட்டில், ஓட்டுக் கூரையின் கீழ் இருந்த மூன்று பழைய கணினிகளின் முன்னால் அந்த வழக்கு என் வீட்டு வழக்காகவும் ஆயிற்று. அதனால்தான் இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் வழக்கின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். கணினி இயங்குவதற்கு வேண்டிய ஆயிரக்கணக்கான மென்பொருள்களை உலகின் பல மூலைகளில் இருப்போர் எழுதி, எவரும் எடுத்து ஆளவும் திருத்தவும் உரிமையளித்து வெளியிடுகின்றனர். அவற்றைத் திரட்டி, ஒன்றோடொன்று பொருந்துமாறு சீர்செய்து வழங்கும் தொண்டைச் சில குழுக்கள் மேற்கொண்டுள்ளன. அவ்வாறு திரட்டி அடுக்கி வைத்திருக்கும் இடத்திற்குத் தமிழில் ‘களஞ்சியம்’ என்றே பெயர் வழங்குகிறது. நெல்லுக்கு இட்ட பெயரை மென்பொருளுக்கு இட்டவர் எவராயினும் பொருத்தம் அறிந்தவர்.

1993ஆம் ஆண்டில் இயன் மர்டாக் என்னும் மாணவர் தொடங்கிய டெபியன், இத்தகைய குழுக்களுள் மூத்தவற்றில் ஒன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் டெபியனை அடியாகக் கொண்டதே. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அமைதியாக அமர்ந்திருந்தது அந்தப் பாஸ்தான். ஆகவே இந்தப் பேச்சு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அயலானதன்று.

டெபியனின் களஞ்சியத்தில் மூன்று அறைகள் உண்டு. புதிதாக வரும் மென்பொருள் முதலில் ‘அன்ஸ்டேபிள்’ என்னும் நிலையற்ற அறைக்குள் நுழைகிறது. அந்த அறைக்குச் ‘சிட்’ என்று செல்லப்பெயர். டாய் ஸ்டோரி என்ற திரைப்படத்தில் பொம்மைகளை உடைத்து விளையாடும் சிறுவனின் பெயர் அது. சில நாட்கள் அங்கே கிடந்து, பெரும்பிழை எதுவும் தென்படவில்லையெனில் ‘டெஸ்டிங்’ என்னும் சோதனை அறைக்கு நகர்கிறது. ஏறத்தாழ இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை சோதனை அறையின் கதவைச் சாத்தி, புதியன எவற்றையும் உள்ளே விடாமல், இருப்பவற்றின் பிழைகளை மட்டும் களைந்து, பிறகு ‘ஸ்டேபிள்’ என்னும் நிலைபெற்ற பதிப்பாக வெளியிடுகின்றனர். 12ஆம் பதிப்பு 2023 ஜூனிலும், 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டிலும் வந்தன.

இந்தக் காத்திருப்பைப் பொறுக்காதவர்களும் உண்டு. 2002இல் வந்த பதிப்புக்கும் 2005இல் வந்த அடுத்த பதிப்புக்கும் இடையே மூன்றாண்டுகள் கடந்தன. அந்த இடைவெளியில், 2004 அக்டோபரில், ஆறு மாதத்திற்கு ஒருமுறை தவறாமல் வெளிவருவோம் என்ற உறுதியோடு பிறந்தது உபுண்டு. ஆர்ச் லினக்ஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அதற்குப் பதிப்பு என்பதே கிடையாது. எழுதியவர் வெளியிட்ட சில நாட்களிலேயே புதியது உங்கள் கணினிக்கு வந்துவிடும்.

இனித் தேவனூர் நாட்டிற்கு வருகிறேன். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகள் ஏறிச் செல்லும் கொல்லிமலையில் ஊர்த் தொகுதிகளுக்கு ‘நாடு’ என்று பெயர். மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் அந்நாடுகளுள் தேவனூர் நாடும் ஒன்று. அங்கே பிள்ளைகள் மாலையில் கூடிப் படிக்கும் ஓர் அறைக்கு, பயன்பாடு முடிந்த மூன்று கணினிகள் அன்பளிப்பாகக் கிடைத்திருந்தன. அவற்றைச் சீர்செய்து கொடுக்க என் தம்பி மகன் முன்வந்தான். பொறியியல் படித்தவன், உற்சாகி. துணைக்கு நானும் சென்றேன்.

அவன் மூன்றிலும் ஆர்ச் லினக்ஸை நிறுவினான். நான் நிலைபெற்ற பதிப்பே போதுமே என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்துக் கேட்ட கேள்வி இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது.

“பெரியத்தா, நகரத்துப் பிள்ளைகளுக்குப் புதியது, மலைப் பிள்ளைகளுக்குப் பழையதா? அவர்களுக்கு எல்லாமே மிச்சம் மீதிதான் வந்து சேருகிறது. மென்பொருளாவது இன்றையதாக இருக்கட்டும்.”

இதற்கு என்ன விடை சொல்வது? அவன் கேட்டது தொழில்நுட்பக் கேள்வியன்று, நீதிக் கேள்வி. நான் வாய் திறக்கவில்லை.

ஐந்து மாதங்கள் கழித்து மீண்டும் ஏறினோம். இடையில் மழைக்காலம். இணையத் தொடர்பு வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. கணினிகள் புதுப்பிக்கப்படவே இல்லை. புதுப்பிக்க முயன்றபோது, வரும் மென்பொருளின் கையொப்பங்களை ஒப்புக்கொள்ள முடியவில்லை என்று கணினி மறுத்தது. கையொப்பங்களைச் சரிபார்க்கும் சாவிக்கொத்தே பழையதாகிவிட்டிருந்தது. அதை வேறு வழியில் புதுப்பித்த பின், ஐந்து மாதத்து மாற்றங்கள் அனைத்தும் ஒரே மூச்சில் இறங்க வேண்டும் என்றது. அலைபேசியின் மெலிந்த தொடர்பில் அது நடக்கிற காரியமா? பாதியில் நின்ற இரண்டு கணினிகள் மறுமுறை எழவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது.

ஓடிக்கொண்டே இருக்கும் பதிப்பு, தன்னோடு ஓடிவரக் கூடியவர்களுக்கே ஏற்றது. ஓட முடியாதவரைக் குற்றம் சொல்லாமலே அது கைவிட்டுவிடும்.

அவ்வாறாயின் என் பக்கமே நியாயம் என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பதை அடுத்த நிகழ்ச்சி காட்டிற்று. கெட்டுப்போன ஒன்றுக்கு ஈடாக அன்பர் ஒருவர் புத்தம்புதிய மடிக்கணினி ஒன்றைத் தந்தார். அதில் டெபியனின் நிலைபெற்ற பதிப்பை நிறுவினோம். அதன் கம்பியில்லா இணைப்புச் சில்லு அந்தப் பதிப்பு முடிவான பின்னர் சந்தைக்கு வந்தது. ஆகவே அப்படியொரு சில்லு இருப்பதையே கணினி அறியவில்லை. நிலைபெற்ற பதிப்புக்காகவே புதியவற்றைப் பொருத்தித் தரும் ‘பேக்போர்ட்ஸ்’ என்னும் பக்க அறையிலிருந்து புதிய கருநிரலை எடுத்து இட்டதும் இணைப்பு வந்தது. தம்பி மகன் சிரித்தான். ஒரு சொல்லும் சொல்லவில்லை, நல்ல பிள்ளை.

‘ஸ்டேபிள்’ என்ற சொல்லை நம்மில் பலர் ‘பழுதுபடாதது’ என்று பொருள் கொள்கிறோம். அதன் பொருள் ‘மாறாதது’ என்பதே. நேற்றுத் திறந்த கதவு இன்றும் அதே இடத்தில் இருக்கும். நேற்றுக் கற்ற வழி நாளையும் செல்லும். அவ்வளவுதான் அது தரும் வாக்கு. பிழையே இராது என்று அது சொல்லவில்லை. 2006இல் டெபியன் குழுவைச் சேர்ந்த ஒருவர், மறைகுறியீட்டுச் சாவிகளை உண்டாக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மென்பொருளில் நல்லெண்ணத்தோடு ஒரு மாற்றம் செய்தார். அதனால் ஊகித்துவிடக்கூடிய எளிய சாவிகளே உருவாயின. நிலைபெற்ற பதிப்பிற்குள்ளும் புகுந்த அக்குறை 2008 மே மாதம்வரை வெளிப்படவில்லை. எத்தனை அறைகளைக் கடந்து வந்தாலும் மனிதர் கை பட்டது மனிதர் கை பட்டதுதான்.

மறுபுறம், காத்திருப்பின் பயனை உலகம் 2024இல் கண்டது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்னும் சிறு மென்பொருளைத் தனியொருவராகப் பேணிவந்தவருக்கு உதவுவதாக வந்த ஒருவர், இரண்டாண்டுகளுக்கும் மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, இறுதியில் அதற்குள் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய அவர் யார் என்பது வெளிப்படவே இல்லை. கள்ளக் கதவு வைத்த பதிப்பு, புதியதை விரைந்து ஏற்கும் களஞ்சியங்களுக்குள் புகுந்தது. டெபியனின் நிலையற்ற அறைக்கும் சோதனை அறைக்கும் வந்தது. நிலைபெற்ற அறையை எட்டவில்லை.

‘பார்த்தீர்களா, பொறுத்தவர் பூமி ஆள்வார்’ என்று நிலைபெற்ற பதிப்புக்காரர்கள் மார்தட்டலாம். ஆனால் அந்தக் கள்ளத்தைக் கண்டுபிடித்தவர் எங்கே இருந்தார்? ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர் தம் கணினியில் நிலையற்ற அறையின் மென்பொருளை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். தொலைக் கணினியில் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்றுத் துருவினார். 2024 மார்ச் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். அவர் முன்னறையில் நின்றிராவிட்டால், அந்த நஞ்சு காலம் வந்ததும் முறைப்படி பின்னறைக்கும் சென்றிருக்கும். பின்னே இருப்போர் பாதுகாப்பாக இருந்தது, முன்னே ஒருவர் விழித்திருந்ததால். இரு தரப்பும் ஒன்றையொன்று பழிக்க நியாயமே இல்லை.

கொல்லிமலை மக்களுக்கு இது புதிய பாடமன்று. கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை என்று ஒரே தானியத்தில் பல வகைகளை அவர்கள் வைத்திருந்தனர். தானியம் சேமிக்கும் அமைப்புக்குத் ‘தொம்பை’ என்று பெயர். அண்மைப் பத்தாண்டுகளில் சமவெளியின் சவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியது. அதைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குச் சாமை தராத பணத்தை மரவள்ளி தந்தது. ஆனால் அது சாமையின் பக்கத்தில் நிற்காமல் சாமையின் இடத்தில் நின்றது. பல வகை விதைகள் மறையத் தொடங்கின. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் முதல் அம்மக்களோடு சேர்ந்து ஊர்தோறும் விதை வங்கிகளை உண்டாக்கியது அந்த இழப்பைத் தடுக்கத்தான்.

தேவனூர் நாட்டில் ஒரு மூதாட்டியிடம், பழைய விதையை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்று நான் கேட்டேன். வைத்திருப்பதால் விதை வாழாது என்றார். ஆண்டுதோறும் சிறிதேனும் விதைத்து, அறுத்து, மீண்டும் உள்ளே வைக்க வேண்டுமாம். விதைக்காமல் பத்திரப்படுத்தினால் சில ஆண்டுகளில் அது வெறும் பதராகிவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

தம்பி மகனின் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைத்தது. மலைப் பிள்ளைகளுக்குப் பழையதா என்று அவன் கேட்டானே, பழையதும் நிலைபெற்றதும் ஒன்றல்ல. டெபியனின் நிலைபெற்ற பதிப்பிற்கு மூன்றாண்டுகள் முழுப் பராமரிப்பும், அதன்மேல் இரண்டாண்டுகள் நீடித்த பராமரிப்பும் உண்டு. புதிய பதிப்பில் கண்ட பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, பழைய பதிப்பின் அமைப்புக் கலையாமல் அதில் பொருத்தித் தருவோர் அந்த ஐந்தாண்டும் உழைக்கின்றனர். அந்த உழைப்பு உள்ளவரை அது நிலைபெற்றது. அது நின்ற மறுநாள் அதே பதிப்பு வெறும் பழையது. ஒருமுறை நிறுவிவிட்டு மலையிறங்கி, திருத்தங்களைக் கொண்டு சேர்க்காமல் விடுவோமாயின், நாம் கொடுத்தது எந்தப் பதிப்பாயினும் மிச்சம் மீதியே. அநீதி பதிப்பின் எண்ணில் இல்லை, திரும்பிப் பாராமையில் இருக்கிறது.

இதை ஒப்புக்கொண்டபின் எங்களுக்குள் வழக்கு முடிந்தது, வேலை தொடங்கியது. இரண்டு கணினிகளில் நிலைபெற்ற பதிப்பு. அவற்றில்தான் பிள்ளைகள் பாடம் எழுதுகிறார்கள். விதைக் கணக்கும் அவற்றில்தான் பதிவாகிறது. மாதம் ஒருமுறை தம்பி மகன் பாதுகாப்புத் திருத்தங்களை ஒரு வன்தட்டில் இறக்கிக்கொண்டு பேருந்தில் ஏறுகிறான். இணையம் ஏற மறுக்கும் வளைவுகளில் வன்தட்டு ஏறிவிடுகிறது. மூன்றாவது, அந்தப் புதிய மடிக்கணினி. அதில் சோதனை அறையின் மென்பொருள். உடைந்தால் உடையட்டும் என்றே வைத்திருக்கிறோம். பாடம் எதுவும் அதில் இல்லை.

அந்த மூன்றாவதைப் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். இன்ன நாளில் இன்னது புதிதாக வந்தது, இன்னது வேலை செய்யவில்லை, மறுமுறை சரியாயிற்று என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வருகிறாள். சென்ற மாதம் தம்பி மகன் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தான். பிறகு தன் பையிலிருந்த புதிய நோட்டு ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு வன்தட்டைப் பொருத்தப் போனான்.