பூட்டிய பெட்டி

2004 டிசம்பர் 26 இல் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு பாடசாலையொன்றில் அகதிகளாக இருந்தோம். நிவாரணமாகக் கிடைத்த சாமான்களுள் ஒரு முதலுதவிப் பெட்டியும் இருந்தது. புது வீட்டுக்கு வந்ததும் உம்மா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினா. "புள்ளைகள் எடுத்துக் கொட்டிரும் மகன்" என்றா. எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்தவ. மிஞ்சியதைப் பூட்டி வைத்ததில் குறை காண எனக்கு மனம் வரவில்லை.

2022 இல் மின்வெட்டு நாட்களில் ஓரிரவு. நான் இஷாவுக்குப் பள்ளிக்குப் போயிருந்தேன். விளக்குச் சிமினி விழுந்து உடைந்ததில் சின்ன மகளின் பாதம் கிழிந்துவிட்டது. உம்மா இருட்டில் சாவி தேடியிருக்கிறா. சாவி அகப்படவில்லை. மனைவி துவைத்து வைத்த சாறியொன்றைக் கிழித்து, காயத்தின் மேல் அழுத்திப் பிடித்தபடியே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். ஆறு தையல். அல்ஹம்துலில்லாஹ், அதோடு போயிற்று.

மறுநாள் பெட்டியைத் திறந்தோம். பிளாஸ்டரில் பசை இல்லை. கட்டுத்துணியின் உறை பிரிந்து பழுப்பேறியிருந்தது. களிம்பின் திகதி 2007 உடன் முடிந்திருந்தது. "வீணாக்கப்படாதென்டுதான் மகன் வெச்சேன்" என்று உம்மா அழுதா. எனக்கும் வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் நானும் ஒருநாள் அதைத் திறந்து பார்த்தவனல்ல.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பெட்டிகள். மாத்திரை, மருந்து வகைகளுக்குத்தான் பூட்டு. அவைதான் பிள்ளைகளுக்கு ஆபத்து. கட்டுத்துணி, பிளாஸ்டர், கத்தரிக்கோல், கையுறை, ஒரு டோர்ச் எல்லாம் இறுக மூடும் பெட்டியொன்றில், பூட்டில்லாமல், மண்டபக் கதவருகே பெரியவர்களின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றன. குசினியில் அடுப்பின் சூடு, குளியலறையில் ஈரம், அலுமாரியின் உச்சியில் கூரைச் சீட்டின் வெக்கை. இவை மூன்றும் மருந்தையும் கெடுக்கும், பிளாஸ்டரையும் கெடுக்கும். உறை பிரிந்த கட்டுத்துணியைத் திறந்த காயத்தில் வைப்பதில்லை. நோன்புக்கு வீடு கழுவும் நாளில் திகதிகளைப் பார்த்து, முடிந்தவற்றை மாற்றுகிறோம்.

சென்ற நோன்புக்கு முன் ஓரிரவு விளக்கை அணைத்துவிட்டு, "உம்மா, பெட்டிய எடுங்க" என்றேன். சுவரைத் தடவிக்கொண்டு நடந்தா. ஐந்தாறு எட்டுத்தான். பெட்டி கையில் பட்டதும் இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது:

"இந்தா இருக்கு மகன்."