பெயரைக் கொண்டுபோன கோட்டை

மட்டக்களப்பு எங்கே என்று வினவினால், பள்ளிச் சிறுவனும் புளியந்தீவையே சுட்டிக் காட்டுவான். சம்மாந்துறை முதியோரோ, ஆதியில் மட்டக்களப்பு என்று வழங்கியது தங்கள் ஊர்ப்புறமே என்பர். இதனை வெறும் ஊர்ப் பெருமையென்று தள்ளிவிட இயலாது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவியின் தென்கோடி இவ்வூர் வயல்களை நெருங்கி நிற்கின்றது. சம்பான் என்னும் மரக்கலங்கள் வந்தடைந்த துறையாதலின் சம்மாந்துறை ஆயிற்று என்பது செவிவழிச் செய்தி. நெல் விளையும் இடத்தில் துறையும் தலைமையும் அமைவது இயல்புதானே!

அப்பெயரை வடக்கே இழுத்துச் சென்றது ஒரு கோட்டை. 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியினின்று முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலளித்து, நாலாயிரம் பேரை மட்டக்களப்பிற் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் குவைரோஸ் எழுதுகிறார். கண்டிக்குக் கடல்வழி திறந்திருப்பதைப் பகைவர் பொறுப்பரோ? 1628 இல் வாவி சூழ்ந்த புளியந்தீவிலே கோட்டை எழுப்பினர். பத்தே ஆண்டுகள்! 1638 மே மாதத்தில், இரண்டாம் இராசசிங்கனுக்குத் துணைவந்த ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் அதனைக் கைப்பற்றினார். இலங்கையில் ஒல்லாந்தர் முதன்முதலாகப் பறித்த போர்த்துக்கேயக் கோட்டை இதுவே. 1795 இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. கச்சேரியும் நெடுங்காலம் அதனுள்ளேயே இயங்கியது. அதிகாரம் இருந்த இடத்திற்கே பெயரும் நிலைத்தது. 1961 இல் அம்பாறை தனி மாவட்டமானபோது, சம்மாந்துறை அதனுட் சேர்ந்து, மட்டக்களப்பு மாவட்டத்துக்கே புறம்பாயிற்று.

கல்முனை வழியே பஸ்ஸிற் செல்லும் மாணவர்கள் இக்கோட்டையைத் தவறாது காணவேண்டும். பெரியதன்று; நாற்புறச் சுவரும் நான்கு கொத்தளங்களுமே. இருபுறம் வாவி காக்க, மற்ற இருபுறம் அகழி வெட்டியிருக்கின்றனர். வாயிலில் வி.ஓ.சி. என்னும் எழுத்துகள் பின்னிய முத்திரை உண்டு. கப்பலோட்டிய தமிழரை நினைத்துவிட வேண்டாம். அது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம். கொத்தளத்தில் ஏறித் தெற்கே நோக்கினால், சம்மாந்துறைப் பக்கம் நீண்டு செல்லும் அந்தப் பழைய நீர்வழி தெரியும்.